வான்வழிப் படமும் அதன் நாளும்

கள்ளக்குறிச்சி நகரினின்று மேற்றிசை நோக்குவார்க்குக் கல்வராயன் மலை நீலமதில் நிறுத்தினாற்போலத் தோன்றும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய அது, வடபால் சின்னக் கல்வராயன் என்றும் தென்பால் பெரிய கல்வராயன் என்றும் இரு பகுதியாக வழங்கப்பெறும். கோமுகியாறும் மணிமுத்தாறும் பிறப்பது இம்மலையிலேயே. கார்காலத்தில் மேகங்கள் அதன் முடிகளைப் போர்த்து மறைத்துவிடும். அப்பொழுது கீழே நிற்பவர்க்கு மலை எங்கே முடிகின்றது, முகில் எங்கே தொடங்குகின்றது என்பது விளங்காது.

இம்மலைக்கு மேலே விமானங்கள் செல்லும் ஒலியை நாம் கேட்டிருக்கின்றோம். நிலப்படத்தில் சென்னைக்கும் கொச்சிக்கும் இடையே ஒரு நேர்கோடு வரைந்து பாருங்கள். அக்கோடு கல்வராயன் மலைப்பகுதியைத் தொட்டுச் செல்லும். தரையில் செல்வார்க்குச் சாலை உண்டு, மைல்கல் உண்டு, ஐயுற்றால் வினவுதற்கு வழிப்போக்கர் உண்டு. வானத்திலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. இரவிலும் மழையிலும் மேகத்தினூடே செல்லும் விமானி, தன் கீழே மலை இருக்கின்றதா, மடு இருக்கின்றதா என்பதை எங்ஙனம் அறிகின்றான்? அவனுக்குத் துணையாவன பல. அவற்றுள் தலையாயது வான்வழிப் படம். அப்படம் யாது, அது யாரால் ஆக்கப்படுகின்றது, விமானி அதனைப் பெறும் முறை யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நம் பள்ளிச் சுவரில் தொங்கும் நிலப்படம் நாடு, நகர், ஆறு, மலை ஆகியவற்றைக் காட்டும். வான்வழிப் படம் அவற்றோடு கண்ணுக்குப் புலனாகாத பலவற்றையும் காட்டும். விமானங்கள் செல்லுதற்கு வகுத்த வழித்தடங்கள், அவற்றில் பறத்தற்குரிய குறைந்த உயரம், விமானி உரையாடுதற்குரிய வானொலி அலைவரிசை, வழிகாட்டும் வானொலி நிலையங்கள், எவரும் நுழையலாகாத தடைப் பகுதிகள் ஆகிய யாவும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். இப்படங்கள் பலவகைப்படும். விமான நிலையத்தின் ஓடுதளம் முதலியவற்றைக் காட்டுவது நிலையப்படம். புறப்பட்டு மேலெழும் முறையைக் காட்டுவது புறப்பாட்டுப் படம். நெடுந்தொலைவுப் பயணத்திற்கு உரியது வழித்தடப் படம். நிலையத்தை அணுகி இறங்கும் முறையைக் காட்டுவது இறங்குமுறைப் படம். கண்ணால் நிலங்கண்டு பறப்பவர்க்கென அமைந்த உலக வான்வழிப் படம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவில் வரையப்படுகின்றது. அதில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் 10 கிலோமீட்டர் ஆகும். கள்ளக்குறிச்சிக்கும் மலையடிவாரத்திற்கும் உள்ள இடைவெளி இரண்டு மூன்று விரலகலத்தில் அடங்கிவிடும்.

இத்துணைச் சிறிய படத்தில் எழுதப்பட்ட ஓர் எண்ணில் எத்தனை உயிர்கள் தங்கியிருக்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். மேகத்தினுள்ளே கருவிகளை நம்பிப் பறக்கும் விமானம், மலைப்பாங்கான இடங்களில், தன்னைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் உள்ள மிகவுயர்ந்த பொருளுக்கும் 2,000 அடி மேலே பறத்தல் வேண்டும் என்பது பன்னாட்டு விதி. பெரிய கல்வராயனில் ஒரு முடியின் உயரம் 4,000 அடி எனக் கொள்வோம். அங்கே விமானம் 6,000 அடிக்குக் கீழே வருதல் கூடாது. அம்முடியின்மேல் 200 அடி உயரமுள்ள கோபுரம் ஒன்று எழுப்பப்படுமாயின், அந்தக் கணக்கு அன்றே மாறிவிடும். மலை மாறவில்லை, ஆயினும் படம் பழையதாயிற்று.

படத்திற்கு இடம் உண்டு என்பதை எல்லாரும் அறிவர். படத்திற்கு நாளும் உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் அச்சிட்ட படங்களில் இப்பகுதி விழுப்புரம் மாவட்டத்துள் அடங்கிக் கிடக்கும். அத்தகைய பழைய படத்தைப் பார்க்கும் மாணவன் தேர்வில் ஒரு மதிப்பெண் இழப்பான், அவ்வளவே. விமானியின் நிலை அத்தகையதன்று.

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. உளுந்தூர்ப்பேட்டையின் அருகே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமான ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது கைவிடப்பட்டது. போர்க்காலத்துப் படம் ஒன்றனைக் கையிற்கொண்டு, இன்னற்பட்ட நேரத்தில் அங்கே இறங்கலாம் என ஒருவன் பிற்காலத்தில் எண்ணியிருந்தால், அவனை எதிர்கொண்டிருப்பது வெடித்துப் புல் முளைத்த தளமே ஆகும். மலைக்கு மேற்கே உள்ள சேலம் விமான நிலையத்தின் வரலாறும் இத்தகையதே. அது 1993இல் திறக்கப்பட்டது. பயணியர் சேவை இடையே நின்றுபோயிற்று. 2018 மார்ச்சுத் திங்களில் மீண்டும் தொடங்கிற்று. மறுபடியும் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் உயிர்பெற்றது. ஒவ்வொரு மாறுதலின்போதும் அந்நிலையத்தின் பணி நேரம், விளக்குகள், அலைவரிசை முதலிய செய்திகள் புதியனவாக விமானிகட்குத் தெரிவிக்கப்படல் வேண்டும் அன்றோ?

மனிதர் மாற்றாத இடத்திலும் இயற்கை மாற்றம் செய்கின்றது. ஓடுதளத்தின் இரு முனைகளிலும் பெரிய எண்கள் எழுதப்பட்டிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை திசையைக் குறிக்கும் எண்கள். சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுதளத்தில் ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதப்பட்டிருக்கும். காந்த ஊசி காட்டும் வடதிசையினின்று ஏறத்தாழ 70 பாகை, 250 பாகை என்பன அவற்றின் பொருள். ஆனால் பூமியின் காந்த முனை ஓரிடத்தில் நிலைபெற்றிருப்பதன்று. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நகர்கின்றது. அதனால் ஓடுதளம் இருந்த இடத்திலேயே இருப்பினும் அதன் எண் பொருந்தாமற் போகும் காலம் ஒன்று வருகின்றது. அமெரிக்க நாட்டிலுள்ள தாம்பா நகர விமான நிலையத்தில் 2011ஆம் ஆண்டு இக்காரணத்தாலேயே ஓடுதள எண்கள் அழிக்கப்பட்டுப் புதிய எண்கள் எழுதப்பட்டன. தரையில் எழுதிய எண் மாறும் அந்நாளிலேயே படத்தில் உள்ள எண்ணும் மாறுதல் வேண்டும்.

இனி, இப்படங்களுக்கு அடிப்படையாகிய அளவைப் பணியைக் கருதுவோம். இந்திய நில அளவைத் துறை 1767ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பார் சென்னையை அடுத்த பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அக்கோட்டை அடியாகக் கொண்டு குன்றிலிருந்து குன்றுக்கு முக்கோணங்களை அமைத்து இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. அன்று அக்கோடு அளக்கப்பட்ட பரங்கிமலையின் பக்கத்திலேயே இன்று மீனம்பாக்கம் விமான நிலையம் இருக்கின்றது. இந்நிலத்தை அளந்தவர் நடந்து அளந்தனர். அவ்வளவின் பயனை இன்று பறப்பவர் கொள்கின்றனர்.

அளக்கும் முறையும் காலத்திற்கேற்ப மாறுகின்றது. செயற்கைக் கோள்களைக் கொண்டு இடமறியும் முறை வந்தபின், உலகம் முழுமைக்கும் பொதுவான அளவை அடிப்படை ஒன்று தேவையாயிற்று. 1998ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து விமானப் போக்குவரத்தில் உலக நாடுகள் யாவும் ஒரே அடிப்படையைக் கொள்ளல் வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. நம் நாட்டின் பழைய அளவைக்கும் இதற்கும் இடையே ஓரிடத்தின் நிலை நூறு மீட்டருக்கு மேலும் வேறுபடும். ஓடுதளத்தின் அகலமோ 45 மீட்டர் அளவினதே. பழைய எண்ணைப் புதிய கருவியில் இட்டால் விமானம் ஓடுதளத்தை விட்டு விலகிவிடும் என்பது இதனால் விளங்கும்.

விமானம் பறக்கத் தொடங்கிய முற்காலத்தில் விமானிகட்கென்று தனிப்படம் இருந்ததில்லை. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியினின்று பம்பாய்க்குச் சிறு விமானத்தில் அஞ்சற் பைகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் அவற்றைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். இக்காலத்து வழிகாட்டும் கருவிகள் அவர்கட்கு இல்லை. ஆற்றையும் இருப்புப் பாதையையும் கடற்கரையையும் கண்ணாற் கண்டு அவர்கள் வழி அறிந்தனர்.

அமெரிக்க நாட்டில் அஞ்சல் விமானம் ஓட்டிய எல்ரே ஜெப்பசன் என்பாரும் அக்காலத்தவரே. உடன் பணியாற்றிய விமானிகள் பலர் மலைகளிலும் மேகங்களிலும் சிக்கி உயிரிழந்ததை அவர் கண்டார். பத்துக் காசு விலையுள்ள கறுப்புக் குறிப்பேடு ஒன்றை வாங்கினார். தாம் இறங்கிய தளங்களின் நீளம், சாய்வு, அருகிலிருந்த மரம், கம்பம், குன்று ஆகியவற்றின் உயரம் என்பவற்றை அதில் எழுதினார். உயரமானியைக் கையிற்கொண்டு குன்றுகளின்மேல் தாமே ஏறி அளந்தார். அக்குறிப்புகளை மற்ற விமானிகளும் விரும்பிக் கேட்டமையால், 1934ஆம் ஆண்டில் அவற்றை அச்சிட்டுப் பத்து டாலர் விலைக்கு விற்கத் தொடங்கினார். வான்வழிப் படங்களை வெளியிடும் தொழில் இங்ஙனம் ஒருவரது குறிப்பேட்டினின்று வளர்ந்தது. இன்றும் அவர் பெயரால் வழங்கும் படங்களை உலகெங்கும் விமானிகள் பயன்படுத்துகின்றனர்.

எனினும் தனி ஒருவர் முயற்சியால் உலகம் முழுவதையும் அளந்து நாள்தோறும் புதுப்பித்தல் இயலாது. 1944ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சிக்காகோ நகரில் 52 நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதன் பயனாகப் பன்னாட்டுப் பயணிகள் விமானப் போக்குவரத்து அமைப்பு 1947இல் தோன்றியது. அதன் தலைமையிடம் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரம். இந்தியாவும் அதன் உறுப்பு நாடு. அவ்வுடன்படிக்கையின் நான்காம் இணைப்பு படங்களை வரையும் முறையை வரையறுக்கின்றது. பதினைந்தாம் இணைப்பு செய்திகளைத் திரட்டி வெளியிடும் முறையைக் கூறுகின்றது. இவற்றின் கருத்து எளியது. ஒவ்வொரு நாடும் தன் வானத்தைப் பற்றிய உண்மைகளைத் தானே திரட்டி, சரிபார்த்து, உலகினர் யாவர்க்கும் ஒரே வகையில் தெரிவித்தல் வேண்டும் என்பதே அக்கருத்து.

நம் நாட்டில் இக்கடமையை ஆற்றுவது இந்திய விமான நிலையங்கள் ஆணையம். அது 1995ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் அமைக்கப்பட்டது. அதன் தகவற் பிரிவு 'ஏ.ஐ.பி.' என்று விமானிகள் வழங்கும் பெருநூல் ஒன்றனை வெளியிடுகின்றது. தமிழில் அதனை வானூர்தித் தகவல் நூல் எனலாம். அது மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதி பொதுவிதிகளைக் கூறும். இரண்டாம் பகுதி வான்வழித் தடங்களைக் கூறும். மூன்றாம் பகுதி ஒவ்வொரு விமான நிலையத்தையும் தனித்தனியே விளக்கும். சென்னை, திருச்சி, சேலம், புதுச்சேரி ஆகிய நிலையங்களின் படங்களை இம்மூன்றாம் பகுதியிலேயே காணலாம். அச்சுத்தாளில் வெளிவந்த இந்நூல் இக்காலத்தில் இணையத்தின் வழியும் கிடைக்கின்றது.

ஒரு செய்தி இந்நூலில் ஏறும் வழியைச் சிறிது நோக்குக. ஒரு நிலையத்தில் ஓடுதளம் நீட்டப்படுகின்றது எனக் கொள்வோம். அளவையர் அதன் முனைகளைக் கருவிகொண்டு அளப்பர். நிலையத்தார் அவ்வளவைத் தகவற் பிரிவுக்கு அனுப்புவர். அங்கே ஒருவர் எழுதியதை மற்றொருவர் மூலத்தோடு ஒப்புநோக்குவர். அதன்பின்னரே படம் திருத்தப்பட்டு வெளியாகும். ஓர் எண் இடம்மாறினும் அதன் விளைவு கொடிதாகும் ஆகலின், யார் அளந்தார், யார் சரிபார்த்தார், எந்நாளில் என்பனவெல்லாம் பதிவு செய்யப்படுகின்றன.

இனி, உலகிலுள்ள விமானிகள் யாவரும் புதிய படத்தை ஒரே நாளில் கைக்கொள்ளும்படி செய்தல் எங்ஙனம்? ஒருவன் புதிய படத்தையும் மற்றொருவன் பழைய படத்தையும் பார்த்துப் பறந்தால், ஒரே வழியில் இருவரும் எதிரெதிரே வருதலும் கூடும். இவ்விடர் நேராமைப் பொருட்டு 'ஏராக்' என்னும் முறை 1964ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இம்முறைப்படி முதன்மையான மாற்றங்கள் யாவும் 28 நாட்களுக்கு ஒருமுறையே நடைமுறைக்கு வரும். அந்நாள் எப்பொழுதும் வியாழக்கிழமையாகவே இருக்கும். பன்னாட்டுப் பொது நேரப்படி நள்ளிரவில் மாற்றம் தொடங்கும். அது நமக்குக் காலை 5.30 மணி. எந்தெந்த வியாழக்கிழமை என்பது பல ஆண்டுகட்கு முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கின்றது.

இதில் ஓர் இனிய கணக்கும் உண்டு. 28ஐ 13ஆற் பெருக்கினால் 364 ஆகும். ஆதலின் ஓராண்டில் பதின்மூன்று சுழற்சிகள் வரும். எஞ்சிய ஒன்றிரண்டு நாட்கள் ஆண்டுதோறும் சேர்ந்து சேர்ந்து, பல ஆண்டுகட்கு ஒருமுறை பதினான்காவது சுழற்சி ஒன்று தோன்றும். 2020ஆம் ஆண்டு அத்தகையது. அவ்வாண்டின் முதற்சுழற்சி சனவரி 2ஆம் நாளும், பதினான்காம் சுழற்சி டிசம்பர் 31ஆம் நாளும் தொடங்கின.

நாள் வரையறுத்தல் மட்டும் போதாது. செய்தி முன்கூட்டியே கைசேர்தல் வேண்டும். ஆகவே மாற்றம் நடைமுறைக்கு வருவதற்கு 42 நாட்கள் முன்னரே அதனை வெளியிடுதல் வேண்டும். பயன்படுத்துவோர்க்கு அது 28 நாட்கள் முன்னரேனும் சென்று சேர்தல் வேண்டும். இவ்விடைக்காலத்தில் படம் வெளியிடும் நிறுவனங்கள் தங்கள் படங்களைத் திருத்திக்கொள்ளும். விமானங்களின் கணினிகளில் ஏற்றுதற்குரிய தொகுப்பும் ஆயத்தமாகும்.

அச்சுத்தாட்களே வழக்கிலிருந்த காலத்தில், திருத்தம் என்பது ஒரு கட்டுத் தாட்களாக அஞ்சலில் வரும். விமானி தன் ஏட்டுக்கட்டினை அவிழ்த்து, பழைய தாளை எடுத்துவிட்டு அவ்விடத்தில் புதிய தாளைச் செருகுவான். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் நாள் அச்சிடப்பட்டிருக்கும். எந்தப் பக்கத்தில் எந்த நாளிட்ட தாள் இருத்தல் வேண்டும் என்று காட்டும் பட்டியலும் உடன் வரும். அப்பட்டியலோடு ஒப்பிட்டு, ஒரு தாளும் விடுபடவில்லை என்று துணிந்தபின்னரே கட்டினை மூடுவர்.

ஏட்டுச்சுவடிகளை ஆராயும் புலவர் பணியோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் தகும். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது பல ஊர்களினின்றும் ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உரிய பாடத்தைத் துணிந்தார். பெயர்த்தெழுதுவோர் செய்யும் பிழை ஏடுதோறும் பெருகும் ஆதலால், சுவடி ஆராய்ச்சியில் பழைய ஏட்டுக்கு மதிப்பு மிகுதி. வான்வழிப் படத்திலோ இது தலைகீழாகும். அங்கே புதியதே ஏற்கத்தக்கது. பழையது எத்துணை அழகாக அச்சிடப்பட்டிருப்பினும் விலக்கத்தக்கது. ஆயினும் இருவர்க்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. கையிலிருப்பது உண்மையான பாடமா என ஐயுற்று, ஒப்பிட்டு, தெளிந்தபின் கைக்கொள்ளுதலே அப்பண்பு.

இக்காலத்தில் தாட்கட்டுகள் குறைந்து, படங்கள் மின்பலகைகளில் வந்துவிட்டன. 'டேப்லெட்' எனப்படும் அக்கருவியில் புதிய படத்தொகுப்பினை இணையத்தின் வழி இறக்கிக்கொள்கின்றனர். பெரிய விமானங்களின் வழிநடத்தும் கணினியில், நடப்பிலுள்ள சுழற்சியின் தொகுப்பும் அடுத்த சுழற்சியின் தொகுப்பும் ஆக இரண்டு இருத்தல் உண்டு. மாற்ற நாள் வந்ததும் விமானி பழையதை நீக்கிப் புதியதை நடைமுறைப்படுத்துவான். புறப்படுமுன் திரையில் தோன்றும் நாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுதல் அவனது கடமைகளுள் ஒன்று. தாள் போய்த் திரை வந்தது. நாளைப் பார்க்கும் கடமை போகவில்லை.

இருபத்தெட்டு நாட்கள் காத்திருக்க இயலாத செய்திகளும் உண்டு. இன்று ஓடுதள விளக்கு பழுதாகலாம். நாளை ஓரிடத்தில் ஏவுகணைச் சோதனை நடைபெறலாம். ஒரு நிலையத்தில் பாரந்தூக்கி ஒன்று நிறுத்தப்படலாம். இவற்றைத் தெரிவிப்பதற்கு 'நோட்டாம்' என்னும் விரைவு அறிவிப்பு உளது. விமானிகட்கு அறிவிப்பு என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கமே அச்சொல். தமிழில் நோட்டம் என்று ஒரு சொல் உண்டு. நாணயத்தை ஆராய்ந்து பார்த்தல் அதன் பொருள். இவ்விரு சொற்களும் பிறப்பால் வேறாயினும், நோட்டாமை விமானி நோட்டம் பார்த்தல் வேண்டும் என்று நினைவிற் கொள்ளுதற்கு அவ்வொலி உதவும்! சில வரிகளில் சுருக்கெழுத்தாக அமையும் இவ்வறிவிப்புகளை வெளியிடும் பன்னாட்டு அலுவலகங்கள் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் உள்ளன. மூன்று திங்களுக்கு மேற்பட்டு நீடிக்கும் தற்காலிக மாற்றமாயின், அது தகவல் நூலின் துணையேடாக வெளிவரும். நிலையான மாற்றமாயின் நூலிலேயே திருத்தமாக ஏறும்.

இவற்றையெல்லாம் கொண்டு, சென்னையினின்று கொச்சிக்குச் செல்லவிருக்கும் ஒரு விமானி செய்வன யாவை எனக் காண்போம். முதலில் தன் படத்தொகுப்பும் கணினித் தொகுப்பும் அன்றைய சுழற்சிக்கு உரியனவா என்று நாள் பார்ப்பான். அடுத்து, புறப்படும் நிலையம், சேரும் நிலையம், இடரில் இறங்குதற்குரிய மாற்று நிலையம் ஆகியவற்றின் நோட்டாம்களையும், வழியிலுள்ள வானப்பகுதிக்குரியவற்றையும் படிப்பான். கல்வராயன் மலையின் மேலுள்ள வானம் சென்னைத் தகவற் பகுதியில் அடங்கும் ஆதலால், அதற்குரிய அறிவிப்புகளும் அவற்றுள் இருக்கும். வானிலைச் செய்தியையும் உடன் வைத்து நோக்குவான். பின்னர்த் துணைவிமானியோடு இருந்து, இறங்குமுறைப் படத்திலுள்ள எண்களை வாய்விட்டுக் கூறி ஒப்பிடுவான். பறக்கும்பொழுதும் கட்டுப்பாட்டு நிலையத்தார் வானொலி வழியாகப் புதிய செய்திகளைத் தெரிவித்துக்கொண்டே இருப்பர்.

இத்துணை முறைகளும் வீண் சடங்குகள் அல்ல என்பதை இரு துயர நிகழ்ச்சிகள் காட்டும். 1979ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், தென்முனைப் பனிநிலத்தை வானினின்று கண்டு மீளும் பொருட்டு நியூசிலாந்து நாட்டினின்று ஒரு விமானம் புறப்பட்டது. அதன் வழியில் பனிமூடிய கடற்கால் ஒன்றும், அதன் பக்கத்தே எரபஸ் என்னும் உயர்ந்த எரிமலையும் இருந்தன. சில நாட்கட்கு முன் விமானிகட்குக் காட்டப்பட்ட வழி கடற்காலின் மேற்செல்வது. புறப்படுதற்கு முதல்நாள் இரவு கணினியில் வழி எண்கள் திருத்தப்பட்டன. புதிய வழி மலையின் நேரே சென்றது. அத்திருத்தம் விமானிகட்குத் தெரிவிக்கப்படவில்லை. வெண்பனியும் வெண்முகிலும் ஒன்றாகித் தோன்றிய அவ்விடத்தில், தாழப் பறந்த விமானம் மலைச்சரிவில் மோதிற்று. அதிலிருந்த 257 பேரும் மாண்டனர். முதலில் ஆராய்ந்த அலுவலர் விமானிகள் தாழப் பறந்ததையே காரணமாகக் கூறினார். 1981இல் அறிக்கை அளித்த விசாரணை ஆணையமோ, விமானிகட்குத் தெரிவியாமல் வழியை மாற்றியதே முதன்மைக் காரணம் என்றது. திருத்தம் செய்தல் வேறு. திருத்தத்தைத் தெரிவித்தல் வேறு. பின்னது இல்லையேல் முன்னதே கேடாய் முடியும்.

செய்தி வந்து சேர்ந்தாலும் போதாது என்பதை மற்றொரு நிகழ்ச்சி உணர்த்தும். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இரவு, தைவான் நாட்டுத் தைப்பே விமான நிலையத்தில் புயல்மழை பெய்துகொண்டிருந்தது. அங்கே இணையாக இருந்த ஓடுதளங்களுள் ஒன்று கட்டுமானப் பணிக்காக ஒருபகுதி மூடப்பட்டிருந்தது. அச்செய்தி நோட்டாமாக முன்னரே வெளியாகியிருந்தது. ஆயினும் லாஸ் ஏஞ்சல்சுக்குப் புறப்பட்ட பெரிய விமானம் ஒன்று இருளில் வழிதவறி அம்மூடிய தளத்திலேயே விரைந்து ஓடி, கட்டுமானப் பொறிகள்மீது மோதித் தீப்பற்றியது. 83 பேர் உயிரிழந்தனர். கையிலுள்ள செய்தியைக் கண்முன் உள்ள இடத்தோடு பொருத்திப் பார்த்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று.

மாணவர்களே! விமானியின் திறம் வானில் மட்டும் விளங்குவதன்று. சங்கிலி பிடித்த அளவையன், எண்ணைப் பதிந்த எழுத்தன், அதனை ஒப்பிட்ட அலுவலன், நாள் தவறாது அனுப்பிய பணியாளன் ஆகிய பலரது நேர்மை அவன் கையிலுள்ள படத்தில் அடங்கியிருக்கின்றது. அவர்களுள் ஒருவரையும் விமானத்தில் அமர்ந்திருக்கும் பயணி அறியான். அவர்களுள் ஒருவர் சோம்பினும் அவன் உயிர்க்கு உறுதியில்லை. உங்களுள் சிலர் எதிர்காலத்தில் விமானம் ஓட்டலாம். சிலர் நிலம் அளக்கலாம். சிலர் அலுவலகத்தில் அமர்ந்து எண்களைப் பதியலாம். வயல்களில் மருந்து தெளிக்கும் ஆளில்லாச் சிறு விமானத்தை இயக்குவோரும் இருப்பீர். அதனைப் பறக்கவிடலாகாத பகுதிகளைக் காட்டும் வான்வெளிப் படத்தை 2021ஆம் ஆண்டு நம் அரசு வெளியிட்டது. அதுவும் காலந்தோறும் மாறுவது, பறக்கவிடுமுன் பார்க்கத்தக்கது.

எப்பணியை மேற்கொள்ளினும் இப்பாடம் கூறும் அறிவுரை உங்கட்குப் பயன்படும். ஒரு செய்தியைக் கேட்டவுடன், அஃது எங்கே கூறப்பட்டது என்று வினவுதல் நன்று. எந்நாளில் கூறப்பட்டது என்று வினவுதல் அதனினும் நன்று. நேற்று மெய்யாயிருந்தது இன்று மெய்யாகாமற் போதல் கூடும். அறிவு என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியில் வைத்துப் பூட்டும் பொருளன்று. நாள்தோறும் நீர் பாய்ச்சிப் பேணும் பயிர். அதனைப் புதுப்பித்துக்கொள்பவன் தன்னையும் காப்பான். தன்னை நம்பி உடன் வருவாரையும் காப்பான்.